எந்தக் கல் நல்ல கல்?

கடைக்குப் போனால் தோசைக்கல்லில் மட்டும் எத்தனை வகை! எதை வாங்குவது? எங்க வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

போன வருஷம் எங்க தெருவுக்கு ஒரு தவணைக்காரர் வந்தார். வாரம் 100 ரூபாய், 8 வாரம் கட்டினால் நான்ஸ்டிக் தவா. அம்மா ஆசையாக வாங்கினாங்க. அப்பாயியின் இரும்புக் கல் பரணுக்குப் போனது. முதல் மாதம் எண்ணெயே இல்லாமல் தோசை வழுக்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் கேஸ் தீர்ந்துபோய் அம்மா தவாவை விறகு அடுப்பில் வச்சாங்க. ஒரு மாதிரி நாற்றம் வந்தது. இரும்புக் கரண்டி பட்டுப் பட்டு பூச்சும் உரிந்தது. எட்டாவது தவணை கட்டும்போது அது கோழிக்குத் தண்ணி வைக்கிற தட்டு ஆகிவிட்டது!

ஏன் அப்படி? அந்தப் பூச்சு ஒரு வகை பிளாஸ்டிக். 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. சுமார் 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் அது சிதைய ஆரம்பிக்கும். அந்தப் புகை நல்லதல்ல. விறகுத் தீயை கேஸ் மாதிரி திருகிக் குறைக்க முடியுமா?

ஒவ்வொன்றின் குணமும் இதுதான்:

1. நான்ஸ்டிக்: எண்ணெய் குறைவு. சிறு தீயும் மரக் கரண்டியும் வேண்டும். வெறுமனே காயவிடக் கூடாது.

2. அலுமினியம்: எடையும் விலையும் குறைவு, சீக்கிரம் சூடாகும். ஆனால் புளி, தக்காளி, தயிர் போட்டு அதிலேயே வைக்கக் கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

3. எவர்சில்வர்: புளிப்புக்குப் பயமில்லை. அடி மெல்லிசாக இருந்தால் சூடு சமமாகப் பரவாமல் அடிபிடிக்கும்.

4. இரும்பு: கனம். காய நேரமாகும், காய்ந்தால் சூடு நிற்கும். எந்த அடுப்புக்கும் சரி. ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும்.

இனி என் கதை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு ரத்தம் பார்த்தாங்க. எனக்கு ஹீமோகுளோபின் 9.8. என் வயசுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். மாடிப்படி ஏறினால் எனக்கு ஏன் மூச்சு வாங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. சத்து மாத்திரை கொடுத்த நர்ஸ் அக்கா, "கீரை, தக்காளித் தொக்கு எல்லாம் இரும்புச் சட்டியில செய்யச் சொல்லு" என்றார். புளிப்பும் ஈரமும் உள்ள உணவு வேகும்போது கொஞ்சம் இரும்பு அதில் சேருமாம். தோசை சீக்கிரம் வெந்துவிடுவதால் அதில் சேருவது குறைவுதான்.

அந்த வாரம்தான் பழைய இரும்புக்காரரிடம் கல்லையும் சட்டியையும் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்க அம்மா எடுத்து வச்சிருந்தாங்க. நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அப்பாயிக்கு வாயெல்லாம் பல்!

துருப்பிடித்த கல்லை அப்பாயி பழக்கிய விதம்: தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்கணும். வடித்த கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும். எண்ணெய் தடவி அடுப்பில் காயவைத்து, பாதி வெங்காயத்தால் தேய்க்கணும். இப்படி நாலைந்து முறை. சூட்டில் எண்ணெய் இறுகிக் கறுப்புப் படலமாகிவிடும். அதுதான் நம்ம ஊர் நான்ஸ்டிக்! பூச்சு போனாலும் மறுபடி நாமே போட்டுக்கொள்ளலாம். சமைத்ததை மட்டும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது எனக்கு 11.4. "என் சட்டியாலதான்" என்கிறார் அப்பாயி. மாத்திரைதான் பெரிய காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பாயியிடம் சொல்லவில்லை.

தோழிகளே, புதுசு வாங்கும் முன்னால் உங்க வீட்டுப் பரணை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி