இறுகும் பெடல், அணையாத விளக்கு: பழைய எஸ்யூவிகளின் பிரேக் கோளாறுகள்

சுமார் 2 டன் எடையுள்ள ஓர் எஸ்யூவி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 7.7 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. வண்டி நிற்க வேண்டுமானால் அதன் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறியாக வேண்டும். ஓட்டுநரின் கால்விசை மட்டும் இதற்குப் போதாது என்பதால் அதைப் பெருக்கித் தரப் பூஸ்டரும், பெருகிய விசையால் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கிவிடாதபடி காக்க ஏபிஎஸ் அமைப்பும் உள்ளன. வெற்றிடப் பூஸ்டரை 1927-இல் பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவாண்டர் உருவாக்கினார். மின்னணு ஏபிஎஸ்ஸை 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் அறிமுகப்படுத்தியது. இவ்விரண்டின் பழுதுகளும் குழப்பிக்கொள்ளப்படும்போது நல்ல பாகங்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன, ஆபத்தான பழுதோ அப்படியே தங்கிவிடுகிறது. பெடல் காலுக்குத் தரும் உணர்வையும் எச்சரிக்கை விளக்குகளையும் சேர்த்து நோக்கினால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

வெற்றிடப் பூஸ்டர் என்பது, மிதிவிசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் பொருத்தப்பட்ட உலோகக் கலம். அதன் உள்ளே டயாபிரம் எனப்படும் ரப்பர் சவ்வு குறுக்கே அமைந்திருக்கிறது. பெடல் மிதிபடாதபோது சவ்வின் இருபுறமும் காற்றழுத்தம் குறைவாகவே இருக்கும். மிதித்தவுடன் பெடல் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைவதால், அழுத்த வேறுபாடு சவ்வை முன்னோக்கித் தள்ளுகிறது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வின் பரப்பு ஏறத்தாழ 490 சதுர சென்டிமீட்டர் என்பதால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 0.7 கிலோகிராம் வேறுபாடு இருந்தாலே சுமார் 340 கிலோகிராம் எடைக்கு நிகரான உந்துதல் கிடைத்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் காற்று உறிஞ்சும் குழாயே இந்த வெற்றிடத்தைத் தருகிறது. டீசல் எஞ்சினில் அது போதுமான அளவு உண்டாவதில்லை என்பதால் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டியிருக்கிறது. பல டீசல் வண்டிகளில் இது ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இணைந்திருக்கும். ஆகவே பெடல் கல்லாக இறுகும்போது பூஸ்டரை மாற்றுவதற்கு முன் பம்ப்பையும், வெடிப்பு விழக்கூடிய ரப்பர் ஹோஸையும், காற்றைத் திரும்ப விடாத ஒருவழி வால்வையும் பார்த்தாக வேண்டும்.

இதற்கான முதல் சோதனைக்குக் கருவி ஏதும் தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து, அது இறுகியபின் காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால், பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெற்றிடம் வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டர் பழுதடைந்திருக்கிறது. அடுத்து, எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்தபடியே எஞ்சினை நிறுத்தினால், அரை நிமிடம் வரை பெடலின் உயரம் மாறக்கூடாது; மேலெழுந்தால் எங்கோ கசிவு உள்ளது. வெளியே ஒரு துளியும் சிந்தாமல் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியே அது பூஸ்டருக்குள் கசிகிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்து பெடல் இயல்பாக இருந்தால், வழக்கமான பிரேக் பொதுவாக வேலை செய்யும். சறுக்கலைத் தடுக்கும் காப்பு மட்டுமே இராது. சிவப்பு பிரேக் விளக்கும் உடன் எரிந்தால் ஆயில் குறைவோ அழுத்த இழப்போ இருக்கலாம் என்பதால் வண்டியை உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் காட்டும் குறியீடு எந்தச் சக்கரத்தின் மின்சுற்றில் பிழை என்று சொல்லுமேயன்றி, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. வேகத்தை அளக்கும் சென்சார், அறுந்த ஒயர், பச்சை பூத்த கனெக்டர், துருவேறிய பற்சக்கர வளையம், ஆட்டம் கண்ட பேரிங் ஆகிய எதுவும் அதே குறியீட்டைத் தரக்கூடும். துருவால் சென்சாருக்கும் வளையத்துக்குமான இடைவெளி அகன்றால் குறைந்த வேகத்தில் சமிக்ஞை மங்கிவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கருதி ஏபிஎஸ் கணினி அழுத்தத்தைத் தளர்த்துவதால், உலர்ந்த சாலையிலும் வண்டி நிற்கப்போகும் தருணத்தில் பெடல் அதிரும்.

1998 முதல் விற்பனைக்கு வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வகையில் பல வண்டிகளுக்குப் பூஸ்டர் பழுது, ஏபிஎஸ் பழுது என்ற இந்தப் பிரிவினை பொருந்தாது. அவற்றில் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ஏபிஎஸ் வால்வுகள் ஆகியவை ஒரே தொகுப்பாக அமைந்துள்ளன. மின்மோட்டார் பம்ப் பிரேக் ஆயிலை அழுத்தி, நைட்ரஜன் நிரம்பிய அக்குமுலேட்டர் என்னும் கலத்தில் தேக்கி வைக்கிறது. நைட்ரஜன் குறைந்தால் பம்ப் அடிக்கடி ஓடும்; மோட்டார் நின்றால் விளக்குகளோடு எச்சரிக்கை ஒலியும் எழுந்து, தேங்கிய அழுத்தம் தீர்ந்தபின் பூஸ்டரின் உதவியும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தே போகின்றன. ஃபியூஸ், ரிலே, மோட்டாருக்குச் செல்லும் மின்னிணைப்பு ஆகியவற்றைச் சோதித்த பிறகே விலை மிகுந்த தொகுப்பை மாற்றுவது பற்றி எண்ண வேண்டும். எந்தக் குழாயைக் கழற்றுவதாயினும், சாவியை அணைத்துவிட்டுப் பெடலை 40 முறைக்கு மேல் மிதித்து, தேங்கியுள்ள அழுத்தத்தை முதலில் வெளியேற்றிவிட வேண்டும்.

பழைய வண்டியில் இத்தனை சோதனைகளுக்கும் முன்னதாகச் செய்யத்தக்கது பிரேக் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவதே. காற்றின் ஈரத்தை ஈர்க்கும் அந்த ஆயில், டாட் 3 தரத்தில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குவதோடு, உள்ளிருக்கும் வால்வுகளும் அரிப்புக்கு ஆளாகின்றன. இறுகிய பெடலுடனோ சிவப்பு விளக்குடனோ உள்ள வண்டியைப் பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம் என்ற எண்ணம் உயிருக்கே ஆபத்தானது. அதை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்வதே முறையாகும்.