பிள்ளைகளோடு ஆற்றில் ஒரு பிற்பகல்

"ஆற்றுப் பக்கம் போகாதே!" என்று பிள்ளைகளை அதட்டாத வீடு நம் தோட்டங்களில் உண்டா? லயத்தில் இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் சரி, இந்த அதட்டல் மட்டும் நம்மோடு கூடவே வருகிறது. பெற்ற மனம் அஞ்சுவது இயற்கைதான். ஆனால், போகாதே என்று சொன்னதால் எந்தப் பையன் போகாமல் இருந்தான்? அப்பாவும் அம்மாவும் வேலைக்காட்டில் இருக்கும் நேரம் பார்த்து, நாலு பேராகச் சேர்ந்து திருட்டுத்தனமாகப் போகிறான். நீந்தவும் தெரியாது, ஆற்றின் குணமும் தெரியாது. நாளேடுகளில் படித்து நெஞ்சம் பதறுகிறோமே, அத்தகைய செய்திகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

பிள்ளை ஒளிந்துபோய்ப் பார்க்கும் ஆற்றைப் பெற்றோரே கூட்டிப்போய்க் காட்டினால் என்ன? அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கயாக் படகில் ஒரு பிற்பகல்!

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமரும் ஒடுக்கமான சிறு படகு. வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனுயிட் மக்கள் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைப் போர்த்தி, வேட்டைக்குச் செல்ல இதைச் செய்தார்கள். இன்று வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் படகுகள். துடுப்புக்கு இரண்டு முனையிலும் அலகு உண்டு. வலப்புறம் வலித்தால் படகின் மூக்கு இடப்புறம் திரும்பும். இடப்புறம் வலித்தால் வலப்புறம் திரும்பும். பத்து வயதுப் பிள்ளையும் விரைவில் பழகிக்கொள்ளும்.

எந்த ஆற்றுக்குப் போவது? சிலாங்கூர்க்காரர்களுக்குச் சிலாங்கூர் ஆறு இருக்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரில் பிறந்து, கோலகுபு பாரு வழியாக இறங்கி, கோலசிலாங்கூரில் கடலில் கலக்கும் ஆறு இது. இடையில் வரும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நாட்டிலேயே முதன்முதலாக, 1917இல், வாணிகத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெயரே நம் மக்கள் சொல்லும் தென்னைமரம் அல்லவா! அப்படியிருக்க, இந்த ஆறு நமக்கு எப்படி அந்நியமாகும்?

மலையடிவாரத்தில் இந்த ஆறு பாறைகளுக்கிடையே சீறிப் பாயும். அது பழகியவர்களுக்கு உரிய இடம். குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கீழ்ப்பகுதியே ஏற்றது. சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர் சிலரைப் பெற்றோரோடு அங்கு அழைத்துச் சென்றேன். "வாத்தியாரையா, எனக்கு ஒரே பையன். பாத்துக்குங்க," என்றார் ஒரு தாய். அவர் கணவர் பதினைந்து ஆண்டுகளாகக் குலை வெட்டுபவர், இரும்புக் கரம். மகனை முன்னால் உட்கார வைத்துப் பின்னால் இருந்து ஓங்கி வலித்தார். படகு சுற்றிச் சுற்றி வந்ததே தவிர நகரவில்லை! இருவர் படகில் முன்னால் இருப்பவர் வலிக்கும் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒத்துப்போக வேண்டும். "அப்பா, நான் எண்ணுறேன், நீங்க கூடவே போடுங்க," என்றான் பையன். அப்பா அப்படியே செய்தார். படகு நேராக ஓடியது. மகன் சொல்ல அப்பா கேட்டதைக் கரையில் நின்ற தாய் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த சுற்றில் அவரும் ஏறிக்கொண்டார்.

கரையோரம் நீப்பா மரங்கள். அக்கால அத்தாப்புக் கூரைக்கு ஓலை தந்தவை இவையே. ஐஸ் கச்சாங்கில் போடும் அத்தாப் சீயும் இதன் காய்தான். பெரெம்பாங் மரங்களில் இரவானால் மின்மினிகள் ஒன்றுபோல் கண் சிமிட்டும். வானத்தில் கருடன் வட்டமிட்டால் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவசரம் வேண்டாம், துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சற்றே மிதந்து பாருங்கள்.

ஆனால் சில விதிகளை மறக்கக் கூடாது. கடலோர ஆற்றில் நீரேற்றமும் வற்றும் நாளுக்கு இருமுறை வரும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்தோடு மேலே சென்று, வற்றோடு திரும்பினால் கை வலிக்காது. படகுக்காரரிடம் நேரம் கேட்டுப் புறப்படுங்கள். "அவாஸ் புவாயா" என்ற பலகை கண்ட இடத்தில் இறங்கவே வேண்டாம்.

மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் படகேறக் கூடாது. வார்களை இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்ச்சி. படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காமல் படகையே பிடித்துக்கொள்ள வேண்டும். இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். மலையோர ஆறுகளில், இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை திடீரென்று வந்து சேரும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயேர் என்பது இதைத்தான். தெளிந்த நீர் தேத்தண்ணி நிறமானால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

நீரில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற நீந்தத் தெரியாதவர் குதிப்பது இன்னொரு உயிரையும் இழக்கும் வழி. கயிற்றையோ மூடிய காலித் தோம்பையோ வீசுங்கள். 999க்கு அழையுங்கள். மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. ஆகவே பிள்ளைகள் மேல் வைத்த கண்ணை எடுக்காதீர்கள்.

அன்னையரே, தந்தையரே! இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளை பரீட்சைக்கு மனப்பாடம் செய்வான். அப்பாவோடு படகில் அமர்ந்து கற்றதையோ ஆயுள் முழுதும் மறக்கமாட்டான். வரும் விடுமுறையில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே ஆற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள்.