தோகாதுஸ்: ஓர் உடைச்சொல்லின் வரலாறு

ஆடையினால் ஆளை மதித்தல் உலகியல்பு. ஆடைப்பெயரினின்று பிறந்து, மாந்தரை மதித்தற்குக் கருவியாகிய இலத்தீன் சொல்லொன்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

'தோகா' என்பது பண்டை உரோமர் மேனியிற் சுற்றியணிந்த கம்பளி மேலாடை. போர்த்தற்பொருள் தரும் 'தெகோ' என்னும் வினையோடு உறவுடையது அப்பெயர். அதனடியாகப் பிறந்த பெயரடை 'தோகாதுஸ்'. தோகாவையுடைய என்பது பொருள். 'ஆதுஸ்' என்னும் ஈறு பெரும்பாலும் வினையடியைச் சார்ந்து வரும்; இங்கோ பெயரையே சார்ந்தது. குழை என்னும் பொருட்பெயரடியாகக் 'குழையன்' பிறந்ததென நம் இலக்கண நூலார் காட்டுவதனை இதனோடு ஒப்பிட்டு உணரலாம்.

தோகா உரோமக் குடியுரிமையின் அடையாளம். அயலார்க்கு அஃது உரித்தன்று. நாடு கடத்தப்பட்டோரும் அதனை அணியலாகாது. ஆதலின் தோகாதுஸ் என்பது உரோமக் குடிமகனைக் குறித்தது. போர்வீரர் வேறு போர்வை பூண்டமையின், அமைதிக்காலத்து வாழ்வானையும் குறித்தது. ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே உரோம நடையுடை மேற்கொண்ட கால் நாடு 'கால்லியா தோகாதா' எனப் பெயர் பெற்றது. மலைக்கு அப்பாலுள்ள பெரும்பகுதியை நீள்மயிர் நாடு என்றனர்.

நாடகத்திலும் இப்பாகுபாடு உண்டு. கிரேக்க வாழ்வைக் கிரேக்க உடையிற் காட்டிய நகைநாடகம் 'பல்லியாதா'. இத்தாலிய வாழ்வைக் காட்டியது 'தோகாதா'. பிளாட்டஸ், டெரன்ஸ் என்போர் இயற்றிய முன்னவை இன்றும் உள. அபிரானியஸ் முதலியோர் இயற்றிய பின்னவற்றிற் சிதறிய அடிகளே எஞ்சின.

வர்ஜில் தம் காப்பியத்தில் உரோமரை இவ்வடைமொழியாற் சிறப்பித்தார். பொதுக்கூட்டத்தில் மக்கள் கருநிறப் போர்வையுடன் திரண்டமை கண்டு வெகுண்ட பேரரசர் அகஸ்தஸ், அவ்வடியை எடுத்தோதி, தோகாவின்றி மன்றத்தில் எவரும் நிற்றலாகாதெனப் பணித்தார் என்று சுவெட்டோனியஸ் எழுதுவர்.

இத்துணை ஏற்றமுற்ற சொல்லுக்கு இழிவும் நேர்ந்தது. விடியற்காலையில் தோகா அணிந்து, செல்வர் வாயிலில் வணங்கிநின்று சிறுகாசு பெற்ற ஏழையையும் மார்ஷியல், ஜுவனல் முதலிய புலவர் இச்சொல்லாற் சுட்டினர். ஸ்பெயினிற் பிறந்த மார்ஷியல், முதுமையில் ஆங்கு மீண்டு, தோகாவை அறியாத வாழ்வைப் பாடி மகிழ்ந்தார். மகளிர் நிலையோ இரங்கத்தக்கது. மனையறம் பூண்ட மகளிர்க்குரிய உடை 'ஸ்தோலா'. தோகாதா என்னும் பெண்பாற்சொல் ஹொரேஸ் காலத்திலேயே விலைமகளைக் குறித்தது.

ஆடவர்க்கு மதிப்பாகிய அவ்வாடையே பெண்டிர்க்கு வடுவாயிற்று. துணி மாறவில்லை, சொல்லின் ஈறும் பாலுக்கேற்பவே திரிந்தது. மாறியது மாந்தர் மாந்தர்பால் வைத்த மதிப்பேயாம். ஆதலின் ஒரு சொல்லைக் கற்குங்கால், அது யாரை நோக்கி, எவ்விடத்தே வழங்கிற்று என்பதனையும் உடன் கற்றல் நம் கடன்.