நாலு தாலுகா, நாலு கர்சர்

1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது இருந்தவை நான்கு தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு. வரிக்கொன்றாக உள்ள இந்தப் பெயர்களை நிரலில் சேர்க்க, ஒவ்வொன்றின் இருபுறமும் மேற்கோள்குறியும், பின்னால் காற்புள்ளியும் வேண்டும்.

விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரைத் திறந்து நாலு வரியையும் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரிக்கொரு கர்சர் வரிமுடிவில் துடிக்கும். மேற்கோள்குறி, காற்புள்ளி, ஹோம் விசை, மறுபடி மேற்கோள்குறி. வேலை முடிந்தது. (ஜேசன் கோப்பானால் கடைசிக் காற்புள்ளியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.)

எப்படி நடக்கிறது? எடிட்டர் ஒரே இடத்தை அல்ல, இடங்களின் பட்டியலையே நினைவில் வைத்திருக்கிறது. முதல் வரியில் ஓர் எழுத்து நுழைந்தால் கீழுள்ள இடங்கள் எல்லாம் ஒன்று நகர்ந்துவிடும். அந்த நகர்வை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுத் திருத்த வேண்டும்; அல்லது கீழிருந்து மேலாக நுழைத்துவர வேண்டும். அப்போது மேலே உள்ளவை அசையாது. ஒரு விசையால் நேரும் நாலு திருத்தமும் ஒரே செயலாகப் பதிவாவதால், அவற்றைத் திரும்பப்பெறக் கண்ட்ரோல்-இசட் ஒருமுறை போதும்.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 'தோவாளை' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. அகலமும் எழுத்துக்கு எழுத்து மாறும். அதனால் வரிநடுவே கர்சர்களைச் செங்குத்தாக அடுக்கினால் ஒரே நேர்கோட்டில் நிற்காது. ஹோம், எண்ட் விசைகளை நம்புவதே நல்லது.