அழகாக இருக்கிறாள், ஆனால் ‘பியூட்டிஃபுலி’ இல்லை

‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளில் யாராவது ‘ஷீ இஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதக்கூடும். அதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. தமிழில் ‘அழகான’ பெயரடை, ‘அழகாக’ வினையடை. அந்தக் கணக்கைத்தான் பிள்ளை ஆங்கிலத்துக்கும் போட்டிருக்கிறது. ஆங்கிலமோ ‘இஸ்’ஸுக்குப் பின்னால் எழுவாயின் இயல்பைச் சொல்ல அட்ஜெக்டிவையே நிறுத்தும். ‘பியூட்டிஃபுலி’ வர வேண்டுமானால் அவள் பாட வேண்டும், ஆட வேண்டும். இதை விளக்காமல் சிவப்பு மையால் சுழிப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

‘லி’ என்று முடிந்தால் அட்வெர்ப் என மனப்பாடம் செய்ய வைப்பதும் அப்படித்தான். ‘ஃபிரெண்ட்லி’, ‘லோன்லி’ இரண்டும் அட்ஜெக்டிவ். ‘ஃபாஸ்ட்’ இரண்டாகவும் வரும். சொல்லின் வாலைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. வாக்கியத்தில் அது எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியையே எடுத்துக்கொள்வோம். ‘மதுரை’ ஊரின் பெயர். மல்லிக்கு முன்னால் வந்ததும் எந்த மல்லி என்று சொல்லும் வேலையைச் செய்கிறது. கல்தூணை ‘ஸ்டோன் பில்லர்’ என்றாலும் அதே கதை. ஆனால் ‘வெரி ஸ்டோன்’ என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இன்றைய இலக்கண நூல்கள் பலவும் ‘ஸ்டோன்’ அங்கேயும் பெயர்தான் என்கின்றன.

பழைய இலக்கணக்காரர்களுக்கும் பெயருக்கும் அட்ஜெக்டிவுக்கும் இடையிலான இந்த எல்லை எளிதாக இருந்ததில்லை. இலத்தீன் மரபு நெடுங்காலம் அட்ஜெக்டிவைப் பெயரின் ஒரு வகையாகவே வைத்திருந்தது. அந்த மரபில் படித்து மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர், 1728இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். தமிழிலோ தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்தியது. பெயரடைக்குத் தனி வகை வைக்கவில்லை. 1856இல் கால்டுவெல், திராவிட மொழிகளில் பெயர்ச்சொல் இன்னொரு பெயருக்கு முன்னால் நின்றாலே அட்ஜெக்டிவ் ஆகிவிடுவதை எடுத்துக்காட்டினார்.

பண்புத்தொகையும் பெயரெச்சமும் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் அந்நியமே இல்லை. தமிழ் வகுப்பில் தெரிந்ததை ஆங்கில வகுப்பில் கேட்பாரில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகைகளின் பட்டியலுக்கு முன்னால் ‘ஹார்ட் வொர்க்’, ‘வொர்க் ஹார்ட்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ‘ஹார்ட்’ எதைச் சார்ந்திருக்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம். முதலாவதில் வேலை என்ற பெயரை, இரண்டாவதில் உழை என்ற வினையை. அடுத்து ‘ஹார்ட்லி’யையும் எழுதிக் காட்ட வேண்டும்: ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் அவர் கிட்டத்தட்ட வேலையே பார்ப்பதில்லை என்று பொருள்.