குறையாத நிறை

ஒரு பொருள் வெப்பத்தாலோ, ஒளியாலோ, மின்சாரத்தாலோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களாகப் பிரிவதைச் சிதைவு வினை என்பர். பாதரச ஆக்சைடு என்னும் செந்நிறத் தூளைச் சோதனைக் குழாயில் இட்டு நன்கு சூடேற்றினால், குழாயின் குளிர்ந்த மேற்பகுதியில் பாதரசத் துளிகள் படியும்; தூளோ குறைந்துகொண்டே வரும். காண்போர் அதில் ஒரு பகுதி அழிந்ததென எண்ணுவர். அவ்வெண்ணம் தவறு என்பதைத் துலாக்கோல் காட்டியது.

1774 ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 ஆம் நாள், இங்கிலாந்து நாட்டறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, கதிரவன் ஒளியைப் பெரியதொரு வில்லையால் இத்தூளின்மேல் குவித்தார். அதிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் மெழுகுவத்தி பேரொளியுடன் எரிந்தது. அவ்வாயுவே ஆக்சிஜன். பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் செய்த சோதனையில், 45 கிரெயின் செந்தூள் 41½ கிரெயின் பாதரசத்தைத் தந்தது. எஞ்சிய 3½ கிரெயின் அழிந்துவிடவில்லை. ஆக்சிஜனாகப் பிரிந்து சென்றது. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்பதை அவர் 1789 இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார்.

இவ்வுண்மையைத் தாளில் எழுதிக் காட்டுவதே சமன்பாடு. பாதரச ஆக்சைடின் வாய்பாட்டில் பாதரச அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றும் உள்ளன. ஆக்சிஜன் வாயுவின் மூலக்கூறிலோ இரண்டு அணுக்கள் இணைந்துள்ளன. ஆகவே இடப்பக்கம் ஆக்சிஜன் அணு ஒன்று, வலப்பக்கம் இரண்டு எனக் கணக்கு ஒவ்வாது நிற்கும். பாதரச ஆக்சைடின் முன் 2 என்னும் எண்ணை இட்டால் ஆக்சிஜன் சமமாகும். ஆனால் இடப்பக்கத்தில் பாதரசம் இரண்டாகிவிடும். வலப்பக்கத்துப் பாதரசத்தின் முன்னும் 2 இட்டால் இரு பக்கமும் ஒத்துவிடும்.

எண்ணை வாய்பாட்டின் முன்னர் இடுவதன்றி, வாய்பாட்டினுள் உள்ள எண்ணை மாற்றுதல் ஆகாது. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜன் அணு ஒன்றை மிகுதியாக எழுதினால், அது நீராகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் வேறு பொருளாகிவிடும். கணக்கைச் சரிசெய்யப் புகுந்து பொருளையே மாற்றியதாக முடியும்.

சமன்செய்த பின் நிறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 433.2 கிராம் பாதரச ஆக்சைடு 401.2 கிராம் பாதரசத்தையும் 32 கிராம் ஆக்சிஜனையும் தரும். இரண்டையும் கூட்டினால் முன்னைய நிறையே கிடைக்கும். சமன்பாட்டில் ஓர் அணு குறையுமாயின், அக்குறை இயற்கையினுடையதன்று; எழுதியவருடையதே ஆகும்.