இந்த வருஷம், அம்மாவின் கை!

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு வேலை கூடிவிடும். விடியற்காலையில் வாசல் நிறையக் கோலம் போட வேண்டும். ராத்திரி சமையற்கட்டை ஒழித்த பிறகு, வரப்போகும் வருஷத்தில் எத்தனை படம் எழுதுவது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட வேண்டும்.

பெரிய ஓவியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு மாமி ஒருவரிடம் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பலகையை எடுத்தால், அவர்கள் வரும் நேரத்துக்குக் கீழே வைப்பேன். அவ்வளவுதான்.

இந்த வேலையில் பொறுமைதான் முதல். பலகையில் கோந்து தடவித் துணியை ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்க்க வேண்டும். அதன்மேல் படத்தை வரைந்து, கற்களைப் பதித்து, மக்கு வைத்து மேடாக்கி, தங்கத் தாளை ஒட்டி, அப்புறம்தான் வர்ணம். முகத்தில் கண் திறப்பது கடைசியில்.

போன வருஷப் பட்டியலைப் புரட்டினேன். ஆலிலைக் கிருஷ்ணன் ஆறு, லட்சுமி இரண்டு, பட்டாபிஷேகம் ஒன்று. எல்லாம் எழுதி முடித்து, நல்ல மனிதர்கள் வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது படமும் டிரேசிங் தாளிலிருந்து இறக்கியவை. ஒரு கோடுகூட நானாகப் பார்த்துப் போட்டதில்லை. இது உறைத்ததே அம்மாவால்தான்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. கார்த்திகையில் எங்களோடு இருக்க வந்தாள். இருபத்தொரு புள்ளி வைத்து, கம்பியை இழுத்துவிட்ட மாதிரி இழை போடுகிறவள். இப்போது கையில் நடுக்கம். டாக்டரிடம் காட்டி மாத்திரையும் சாப்பிடுகிறாள். வாசல் கோலத்தைப் பெண்ணிடம் விட்டுவிட்டாள். ஆனால் துளசி மாடத்துக்கு முன்னால் நாலு புள்ளிக் கோலம் ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து, நெளிந்து நெளிந்து போகிற இழையோடு அதைப் போட்டு முடிப்பாள்.

ஒரு நாள் காப்பி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் கோலம் போடுவதை யாராவது ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறோமா என்று யோசித்தேன். கல்யாண ஆல்பத்தில் நிற்கிறாள், அறுபதாம் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வேலை செய்கிற அம்மா எந்தப் படத்திலும் இல்லை. கைபேசியில் ஒரு நொடியில் எடுத்துவிடலாம்தான். ஆனால் பதினோரு வருஷமாகத் தூரிகை பிடிக்கிற பெண் நான் எதற்கு இருக்கிறேன்?

பென்சிலை எடுத்து அந்தக் கையை வரைந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என் கை இவ்வளவு வழவழன்னா இருக்கு? இது உன் கிருஷ்ணன் கைடீ. வெண்ணெய்தான் இல்லே" என்றாள்.

சிரித்துவிட்டேன். சமையற்கட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது நிஜம். பெற்ற தாயின் கை எதிரிலேயே இருக்கிறது. என் விரலோ பழகின கையை அல்லவா போட்டிருக்கிறது!

அன்று ராத்திரி, அப்பா சேர்த்து வைத்த பழைய பைண்டுப் புத்தகங்களை இறக்கினேன். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று கோயில் சிற்பங்களை வரைந்தாரே 'சில்பி' (1919 – 1983), அந்தப் பக்கங்களைத் தேடிப் பார்த்தேன். அவர் ஊர் ஊராகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தவர். கல்லில் உள்ள விரலுக்கே அத்தனை நேரம் கொடுத்தார் என்றால், உயிருள்ள விரலுக்கு நான் அரை மணி கொடுத்துவிட்டு முடிந்தது என்கிறேனே!

தஞ்சாவூர் பெரிய கோயில் ஞாபகமும் வந்தது. கருவறையைச் சுற்றிய உள் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியம்தான் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் ராஜராஜ சோழன் காலத்து ஓவியம் இருப்பது 1931-ல்தான் தெரியவந்தது. சுந்தரர் வெள்ளை யானைமேல் கயிலாயம் போகிற காட்சியும், ஆடும் பெண்களும் அதில் உண்டு. நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் டிரேசிங் தாளுக்கு அடியிலும் சொந்தக் கோடு ஒன்று இருக்காதா என்று ஓர் ஆசை வந்தது.

"தஞ்சாவூர் ஓவியத்தில் சாமி படம்தானே எழுதுவார்கள்?" என்றார் என் கணவர். அப்படியில்லை. மராட்டிய மன்னர் சரபோஜி போன்றவர்களின் உருவங்களையும் இந்தப் பாணியில் எழுதியிருக்கிறார்கள். ராஜாவுக்கு இடம் இருந்தால் அம்மாவுக்கும் இருக்கும்.

அதனால் இந்த வருஷப் பட்டியலில் எண்ணிக்கை கிடையாது. மூன்றே மூன்று தீர்மானம்.

ஒன்று: தினமும் கால் மணி நேரம் எதிரில் இருப்பதைப் பார்த்து வரைவது. முருங்கைக்காய், அரிவாள்மணை, தூங்குகிற பிள்ளை, எதுவானாலும் சரி. பழைய நோட்டின் வெற்றுப் பக்கம் போதும். ரப்பர் கூடாது.

இரண்டு: டிரேசிங் தாள் இல்லாமல் ஒரே ஒரு பலகை. துளசி மாடத்துக்கு முன்னால் அம்மா. தூண், வளைவு என்று தங்கத்தைக் கொட்டப் போவதில்லை. தோட்டுக்கும் வளையலுக்கும் தங்கம், மூக்குத்திக்கு ஒரு கல். கோலத்து இழை நெளிந்துதான் இருக்கும். நான் அதை நேராக்க மாட்டேன்.

மூன்று: உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் எழுதுவது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்தி, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்த்தால் கண் களைப்புக் குறையும். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். தூரிகை நுனியைக் கூராக்க வாயில் வைக்கிற பழக்கம் எனக்கு இருந்தது. சில வர்ணங்களில் ஈயம், காட்மியம் போன்ற நஞ்சு இருக்கும். ஈரத் துணியில் துடைத்தாலே நுனி கூராகும்.

ஜனவரி முதல் தேதி காலை, நோட்டோடு துளசி மாடத்தருகே உட்கார்ந்தேன். இந்தத் தடவை கையைப் போட அவசரப்படவில்லை. முட்டி எங்கே புடைக்கிறது, தோல் எங்கே மடிகிறது, மாவு எந்த விரலிடுக்கில் நழுவுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா கோலத்தை முடித்து எழுந்தபோது என் நோட்டில் ஒரு கட்டைவிரலும் அரை ஆள்காட்டி விரலும்தான் இருந்தன.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "இது என்னதுதான். மிச்சத்தை எப்போ போடப் போறே?" என்றாள்.

"நாளைக்கு, நீ கோலம் போடறப்போ."

"அப்ப சரி, நாளைக்கும் நான்தான் போடணும்" என்று கோலமாவு டப்பாவை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாரும் வரைந்து வைக்காத ஒரு கை இருக்கும். படம் எழுதத் தெரியாவிட்டால் என்ன? ஒரு பென்சிலோடு கால் மணி நேரம் எதிரே உட்கார்ந்துதான் பாருங்களேன்!